கரகரப்பு அச்சடித்த கல்வெட்டு

1994 பெப்ரவரி 8
எங்கள் கரகரப்புச் சஞ்சிகையின் ஐந்தாம் இதழ் முடிந்தது. சிநேகிதி எமிலியானா கூட்டித் துடைக்கிற பொலிதேயாமாச் சதுக்கத்துக் கந்தோரில், ஆட்கள் வரமுதல் போட்டோகொப்பி எடுத்தோம். பங்க் இசை ஓய்ந்த பிறகு வந்த இருட்டுப் பாட்டுகள், அவற்றை நிலக்கீழ் அறைகளில் அடித்துப் பாடும் பலெர்மோப் பொடியன்கள் — எல்லாம் தமிழில். யார் வாசிக்கப் போகிறார்கள்? "அவையள் சத்தம் போடினம், நாங்கள் எழுதிறம். ஆருக்கு நட்டம்?" என்கிறாள்.

பெப்ரவரி 15
கொழும்பிலிருந்து போன். என் தர்சன் அண்ணா இல்லை, மூன்று நாளாகிறதாம். சுட்டது ஆமி இல்லையாம். எங்கட இயக்க ஆக்களாம். அவர்களைக் கேள்வி கேட்டுத் துண்டுப்பிரசுரம் எழுதினானாம்.
நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவின் உடுப்பெல்லாம் அயர்ன் பண்ணி முடித்தேன். ஒன்றும் கருகவில்லை.

பெப்ரவரி 16
அழுகை வரவில்லை.

பெப்ரவரி 27
செத்தவரின் நினைவாக முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் சின்னப் புத்தகமான கல்வெட்டுக்குச் சித்தப்பா எழுதிக்கொண்டு வந்தார். படம், தேவாரம், 'திடீர் சுகவீனத்தால் சிவபதமடைந்தார்'.
"சுகவீனமோ, சித்தப்பா?"
"பிள்ளை, நாளைக்கு எங்கட வாசல்ல ஒருத்தரும் மிதியாயினம்."
அம்மா அடுப்படியிலிருந்து சொன்னா: "வருத்தமெண்டா எந்த ஆஸ்பத்திரியெண்டு கேப்பினம். உள்ளதை எழுது."

மார்ச் 6
உள்ளதை எழுதிக் கொண்டுபோனோம்; தமிழ் அச்சுக்காரர் மாட்டேன் என்றுவிட்டார். "எங்களிட்டை மெஷின் இருக்கெல்லே?" என்றாள் எமிலியானா. மன்னார்க் கத்தோலிக்கப் பெட்டை, தேவாரத்தை எழுத்துக்கூட்டி வாசித்து ஒட்டினாள். அட்டையின் அடியில் 'கரகரப்பு வெளியீடு'. எங்கள் முதல் புத்தகம். மை கூடி, அண்ணாவின் முகம் எங்கள் இதழில் வரும் பாட்டுக்காரன் மாதிரி வந்திருக்கிறது. அவனுக்குப் பிடித்திருக்கும்.

மார்ச் 14
முப்பத்தொண்டு. வந்தவர்கள் புத்தகத்தை வாங்கினார்கள், ஒரு பக்கம் திருப்பினார்கள், கதிரையில் விட்டுவிட்டுப் போனார்கள். சித்தப்பா சாப்பிடவேயில்லை. அம்மா ஒவ்வொரு கதிரையாகப் பொறுக்கினா. எனக்கு வெட்கமுமில்லை, கோபமுமில்லை. ஏன் இப்படி மரக்கட்டையாய் இருக்கிறேன்?

ஏப்ரல் 24
கோயிலடியில் ஒருவரும் அம்மாவோடு கதைக்கவில்லை.

ஜூன் 19
நகரத்தின் மற்றக் கோடியிலுள்ள பிரான்காச்சோவிலிருந்து பஸ்ஸில் இராசேஸ்வரி அக்கா வந்தா. அன்றைக்குப் புத்தகத்தைக் கதிரையில் விட்டுப் போனவர்களில் அவவும் ஒருத்தி. கதவைத் தானே சாத்திவிட்டு, புருஷனின் படத்தை எடுத்து வைத்தா.
"விபத்தெண்டு கல்வெட்டு அடிச்சனான். பொய். திரும்ப அடிப்பியளோ, பிள்ளை?"
எமிலியானா ஆறாம் இதழுக்கு வெட்டி வைத்த கிற்றார்ப் படங்களை ஒதுக்கி மேசையில் இடம் விட்டாள். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்றாம் வரியில் எனக்கு அழுகை வந்தது, அண்ணாவுக்காக. அக்கா பொறுத்திருந்தா.