ஐவியின் மீன்கள்

லெட்பரி,
ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஹெஸ்டருக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலையும் என் இடுப்பையும் விட்டுவிட்டுக் கேட்டால் நாங்கள் நலம். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

கொல்லையில் குளம் வெட்டப்போகிறோம் என்றேனே, வெட்டியாயிற்று. அப்பாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதால் மண்வெட்டி என் கைக்கு வந்தது, அவர் சன்னலோரம் உட்கார்ந்து, “மார்ஜரி, இன்னும் சரிவா வெட்டு, முள்ளெலி உள்ள விழுந்தா ஏறி வர வேணாமா” என்று அதிகாரம் பண்ணினார். குழாய்த் தண்ணீர் விட்டால் பாசி மண்டும் என்று மழைக்குக் காத்திருந்து நிரப்பினேன். கடை உரம், பூச்சிமருந்து எதுவும் கிடையாது, நீர்ப்புதினா நட்டேன், கரைப் புல்லை வெட்டாமல் விட்டேன். மார்ச்சில் தவளை தானாக வந்து முட்டையிட்டது. பார்த்ததும் அழுதுவிட்டேன், களைப்புதான்.

அப்புறம் தலைப்பிரட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. கொக்கு என்று நினைத்தோம், குனிந்து பார்த்தால் தங்கமீன்கள்! பக்கத்து வீட்டு பிராசர் எங்களிடம் சொல்லாமல் கொண்டுவந்து விட்டிருக்கிறார். போன வருஷம் மனைவி ஐவி இறந்ததிலிருந்து தனியாக இருந்தாரல்லவா, வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகிறார். வாங்கியவர்கள் அவருடைய கொல்லை மீன்தொட்டியை மூடி அந்த இடத்தில் கார் நிறுத்தப்போகிறார்களாம். அப்பா, “நாம முதுகு ஒடிஞ்சு வெட்டினது அந்தாளு மீனுக்குத் தீனி போடவா” என்று கொதித்தார். ஒடிந்தது யார் முதுகு என்று நான் கேட்கவில்லை. சண்டைக்குத் தெம்பில்லாமல், மீன்களை எடுத்துக்கொள்ளும்படி பிராசரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலைகுனிந்து, “கேட்டா வேணாம்னுடுவியோன்னு பயந்துட்டேம்மா. ஐவி வளத்ததை எங்க கொண்டுபோய்க் கொட்டுறது” என்றார்.

பாதிரியார் வீட்டம்மா தங்கள் அலங்காரத் தொட்டியில் இடம் தருவதாகச் சொன்னாள். மறுநாள் பிராசர் வலையோடு வந்து கரையில் மண்டியிட்டுப் பிடித்தார், விழுந்துவிடாமல் நான் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் வாளிக்கு வந்தன, ஒரு தடித்த மீன் மட்டும் புதினாவுக்கடியில் புகுந்துகொண்டது. “இது அவளேதான், கூப்பிட்டா என்னைக்கு வந்திருக்கா” என்று சிரித்தவர் அப்படியே உட்கார்ந்து அழுதார். எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும், “ஞாயித்துக்கிழமையில வந்து பிடிச்சுப் பாருங்க” என்றேன். மிச்சமிருந்த தலைப்பிரட்டைகளை அள்ளி மழைநீர்த் தொட்டியில் விட்டிருக்கிறேன், அதையும் நான்தான் பார்க்க வேண்டும்.

இன்று வந்திருந்தார். அப்பா முறைப்பாகவே இருந்தாலும் பிராசர் உட்காரத் தன் நாற்காலியைக் கொண்டுபோய்க் கரையில் போடச் சொன்னார். பிராசர் வெகுநேரம் வலை வீசினார், ஹெஸ்டர். மீன் ஒளிந்திருக்கும் பக்கம் ஒரு தடவைகூட வீசவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் தொப்பியில்லாமல் போகாதே. அப்பாவுக்குத் தொலைபேசி செய்யும்போது முழங்காலைப் பற்றிக் கேள், கேட்கவில்லை என்று குறைப்படுகிறார். கடவுள் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா, மார்ஜரி