பன்றிக்கான குண்டு

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்
நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு எழிலரசி எழுதுவது.

நேற்றுதான் போனில் பேசினாள், கடிதம் வேறு எதற்கு என்று சலித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டால் பக்கத்துத் தோட்டம்வரை கேட்கிறது. என்னோடு தங்கியிருக்கும் ரக்ஷா நாளை ஊருக்குக் கிளம்புகிறாள். கோயமுத்தூரில் இறங்கியதும் இதைக் கூரியரில் போடுவாள்.

நலமாக இருக்கிறேன். அசதிதான். கம்பெனியில் ஆட்களைக் குறைத்ததிலிருந்து மூன்று பேர் வேலை என் தலையில்.

விளையாட்டுச் சாமான் கம்பெனி என்று சொல்லியிருந்தேன். அது பாதிதான் உண்மை. வேட்டைத் துப்பாக்கியும் விற்கிறார்கள். என்ன மிருகம், என்ன துப்பாக்கி, எவ்வளவு தூரம் என்று போட்டால், எந்தக் குண்டு வாங்கலாம் என்று கம்ப்யூட்டர் சொல்லும். சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பது என் வேலை. "சட்னி அரைக்கவே யூட்யூப் பாக்கறவ, கரடிக்குக் குண்டு செலக்ட் பண்றாளாம்" என்று ரக்ஷா கேலி செய்வாள்.

போன வாரம் காட்டுப்பன்றி என்று போட்டேன். முயலுக்கும் குள்ளநரிக்குமான குண்டைக் காட்டியது. பட்ட இடத்திலேயே நொறுங்கிவிடும் குண்டு அது. இங்கேயும் பன்றி பயிரை அழிக்கிறது. அதனால் யாரோ அதைச் சின்னத் தொல்லைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் வீசிய மண்வெட்டி ஆண்பன்றியின் தோளில் பட்டுத் தெறித்தது எனக்கு ஞாபகம் வந்தது. அந்தத் தோளில் இந்தக் குண்டு பட்டால் பன்றி சாகாது, புண்ணோடு ஓடும். உடையாமல் உள்ளே இறங்கும் செம்புக் குண்டுதான் வேண்டும்.

மீட்டிங்கில் வாயே திறக்காதவள், அன்று சொல்லிவிட்டேன். மேனேஜர் கெவின் வேட்டைக்குப் போகிறவர். நீ எப்போது சுட்டாய் என்றார். சுட்டதில்லை, எங்கள் சோளக்காட்டுக்குப் பன்றி வரும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருமுறை அடிபட்ட பன்றியைப் பொழுது சாயும்வரை தேடியும் கிடைக்கவில்லை என்று கெவின் சொன்னார். எத்தனையோ கொன்றவர். அந்த ஒன்றை ஓடவிட்டதற்குத்தான் வருத்தப்பட்டார். அன்றே பட்டியலை மாற்றினார்கள்.

பெருமைக்காக இதை எழுதவில்லை.

அம்மா சொன்னார்: "உங்கப்பா என்னமோ வாங்கியாந்து தோட்டத்துச் சாளைல வெச்சிருக்கறாங்க கண்ணு, கேட்டா எரிஞ்சு விழுகறாங்க." திருமூர்த்தி மாமா கொடுத்த, வெடிமருந்து உருட்டிக் கட்டிய வெடிக்காய்தானே? பழத்துக்குள் வைத்துப் போட்டால் பன்றி மட்டுமா கடிக்கும்? நம் சோளக்காடு யானை வருகிற வழி. நம் மாடும் அங்கேதான் மேய்கிறது. எது கடித்தாலும் உடனே சாகாது. தாடை கிழிந்து, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் நாள்கணக்கில் கிடக்கும். வைக்கும்போது உங்கள் கை தவறினால் என்ன ஆகும் என்பதை என்னால் எழுத முடியவில்லை.

முக்கால்வாசிச் சோளம் போய்விட்டது என்று தெரியும். உங்கள் கோபம் நியாயம்தான்.

படிக்கச் சொன்னீர்கள், படித்தேன். போகச் சொன்னீர்கள், வந்தேன். உங்களிடம் எதையும் வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. இது ஒன்றை மட்டும் கேளுங்கள் அப்பா. அதைக் காட்டில் வைக்காதீர்கள். நீங்கள் தொடவும் வேண்டாம். கொடுத்தவரையே வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள். அவர் எடுத்துப்போனதும், எந்நேரமானாலும், எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்
எழிலரசி