சுகந்தியின் பெயரை வெட்டிய சுற்றுலா

என் ஆசை அக்கா,

உன் மகள் சுகந்தி என்னோடுதான் இருக்கிறாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தான் ஜேர்மனியிலிருந்து கடிதம் போடுகிறார். பெற்ற மகளைத் தன்னிடம் கூப்பிடும் பேச்சு எந்தக் கடிதத்திலும் இல்லை. பதின்மூன்று வயதாகிவிட்டது, தலையைத் தானே பின்னிக்கொள்கிறாள். மற்றப் பிள்ளைகளைப்போல வாசிப்பு மூளையில் ஏறாததால் இன்னும் ஐந்தாம் வகுப்பில்தான் இருக்கிறாள். ஆனால் வகுப்புக்கு இன்று யார் வரவில்லை என்று இடாப்பைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

நல்ல செய்தி இவ்வளவுதான்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் மறுபடி சுற்றுலாப் பட்டியல் போட்டோம். கண்டி, அனுராதபுரம் என்று போன காலம் எண்பத்து மூன்று கலவரத்தோடு முடிந்தது உனக்குத் தெரியும்தானே. இந்த முறையும் சாட்டிக் கடற்கரைதான். பொறுப்பாசிரியை நான். சுகந்தியின் பெயரை என் கையாலேயே எழுதினேன். அதிபர் சிவப்புப் பேனையால் வெட்டினார்.

“அந்தப் பிள்ளையைக் கடற்கரையிலை ஆர் பார்க்கிறது டீச்சர்? ஒண்டு நடந்தால் நான்தான் பதில் சொல்லவேணும்.”

இரண்டு வருடத்துக்கு முன்பும் இதையேதான் சொன்னார். அப்போது நான், “ஓம் சேர்,” என்றேன். சொந்த அக்காவின் பிள்ளைக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை நிரந்தரமாகவில்லை என்று உனக்குக் காரணம் சொன்னேன். நீ தலையை மட்டும் ஆட்டினாய்.

அந்தச் சுற்றுலா அன்று நாங்கள் சாட்டியில் இறங்கி அரைமணித்தியாலம் ஆகவில்லை, நீ அவளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். ஊரிலிருந்து, இறுப்பிட்டியிலிருந்து, எந்த பஸ்ஸைப் பிடித்து வந்தாயோ தெரியாது. அவளுக்குப் பள்ளிச் சீருடை போட்டிருந்தாய். எங்களுக்குக் கரைச்சல் தரக்கூடாது என்று தள்ளிப்போய் மணலில் இருந்தாய். கயிறிழுத்தல் நடந்தபோது அவள் எழும்பி நின்று கைதட்டினாள்.

“சுகந்தி வந்து நிக்கிறாள் டீச்சர், கூப்பிடட்டோ?” என்று ஒரு பிள்ளை கேட்டது.

அதிபர் என்னைப் பார்த்தார். “பேசாமல் விளையாட்டைப் பார்,” என்று அந்தப் பிள்ளையை அதட்டினேன். அது உன் காதில் விழுந்ததா, அக்கா? காற்று உன் பக்கம்தான் அடித்தது.

அடுத்த நாள் வந்து நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “என்னாலை உனக்கு அதிபரோடை ஏதும் பிரச்சினையோ?” ஏசியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அந்த மார்கழியில் உனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் எங்களை விட்டுப் போய்விட்டாய்.

அதனால் இந்த முறை துணிந்து சொன்னேன்: “அவள் வராத சுற்றுலாவுக்கு நானும் வரேல்லை சேர்.”

“அது உம்மடை விருப்பம்,” என்றார். முகம்கூட மாறவில்லை. வேறொரு ஆசிரியையைப் போட்டார், பஸ் போய்விட்டது. சக ஆசிரியர்கள் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு தாய் மட்டும் என்னைச் சந்தையில் மறித்து, “நல்லதுதானே டீச்சர். அதுகளையும் கொண்டுபோனால் எங்கடை பிள்ளையளை வடிவாய்ப் பார்க்க ஏலாது,” என்று ஆறுதல் சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சுற்றுலா நாளில் ஏதோ பெரிய காரியம் செய்தவள்போல நான் வீட்டில் இருந்தேன். மத்தியானம் நான் சமைத்துக்கொண்டிருக்க, சுகந்தி குசினிக்குள் வந்தாள்.

“சின்னம்மா, நீங்கள் ஏன் போகேல்லை?”

“உன்னை விடேல்லை எண்டுதான் போகேல்லை.”

“அம்மா எண்டால் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பா,” என்றாள்.

எனக்கு ஏன் அது தோன்றவில்லை, அக்கா? அதிபருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பதிலேயே என் மனம் இருந்தது. அவளின் ஒரு நாள் அதற்குள் போய்விட்டது.

அடுத்த சுற்றுலாவிலும் அவர் பெயரை வெட்டுவார். அதற்குள் மனம் மாறிவிடும் ஆள் இல்லை அவர். வெட்டட்டும். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். தள்ளி இருக்கமாட்டோம். அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் கொண்டுபோய் அவளை விடுவேன். யார் போகச் சொன்னாலும் எழும்பமாட்டேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் தங்கை, சுகந்தியின் சின்னம்மா,
புனிதம்