அரைக் கட்டை கீழே

மார்ச் 3
ஐந்தாவது பாட்டு இன்றும் முடியவில்லை. கடைசி வரியில் குரல் ஏற வேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. கழுத்தில் கட்டி எடுத்த பிறகு இந்த ஆல்பம்தான் முதல் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர், "தண்ணி குடிச்சிட்டு வாங்க மேடம்" என்றார். எவ்வளவுதான் குடிப்பது? வயிறுதான் நிறைகிறது.

மார்ச் 4
பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

மார்ச் 6
டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். "புண்ணு ஆறிடுச்சும்மா. ஆனா பழைய உச்சம் வருமான்னு என்னால சொல்ல முடியாது."

வராவிட்டால்? ஜாஸ், சோல் பாட்டுகள் என்று இத்தனை வருடம் மேடையில் நின்றவள். வேறு எந்த வேலையும் தெரியாது. பியானோ வாசிக்கிற என் தம்பியிடம் மட்டும் சொன்னேன். "மனசப் போட்டுக் குழப்பிக்காதக்கா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

மார்ச் 9
வந்துவிட்டது! உச்சத்தில் போய் நின்றேன், குரல் அசையவில்லை. தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவன் மரம் மாதிரி நின்றான். பஸ்ஸில் பாடிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் இடம் மாறி உட்கார்ந்தாள்.

மார்ச் 10
பேஸ் கிடார் வாசிப்பவருக்கு வாய் சும்மா இருக்காது. "அரைக் கட்டை இறக்கினதுல என் விரல்தான் தடுமாறுது" என்றார். தம்பி அவர் காலை மிதித்ததைப் பார்த்துவிட்டேன்.

நேற்று எனக்கு எட்ட வேண்டுமென்று சுருதியை இறக்கி வாசித்திருக்கிறார்கள். எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. என்னன்னு நெனச்சானுங்க என்னை? கைக்குழந்தைன்னா? சரி, பாடினவ நான்தானே — எனக்கு ஏன் தெரியல? காதும் போச்சா?

தம்பி போன் செய்தான். எடுக்கவில்லை.

மார்ச் 11
வாசலில் வந்து நின்றான். "நீ பாடறதையே விட்டுடுவியோன்னு பயந்துட்டேன்க்கா."

இவனுக்கும் பயமா? திட்ட வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

மார்ச் 13
எல்லார் முன்னாலும் தம்பியிடம் சொன்னேன்: "இன்னும் ஒரு கட்டை இறக்குடா."

"நெஜமாவாக்கா?"

"எட்டி எட்டிப் பிடிச்சு அலுத்துப்போச்சு. வாசி."

கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல். இப்படி ஒன்று எனக்குள் இருந்ததே தெரியாது.

பதிவைப் போட்டுக் கேட்டோம். "ரெண்டாவது சரணத்துல லேசா நடுங்குது மேடம். இன்னொரு தடவ எடுத்துடலாமா?" என்றார் ஒலிப்பதிவாளர்.

வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.