சீலா மீன் தலையும் உன் அப்பாவும்

தோர்ண்டன் ஹீத்,
28.03.1993

அன்பு மகள் இம்மாகுலேற் அறிவது,

மாதாவின் காவலில் நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் இப்போது சுகம். "இப்போது" என்று அம்மா ஏன் எழுதுகிறா என்று யோசிப்பாய், பயப்படாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். நீ அனுப்பிய படங்கள் வந்தன. உனக்கு வலப்பக்கம் நிற்கிற உயரமான நேர்ஸ் பிஜிக்காரியா, இல்லை நீ சொன்ன ரொட்டுமாத் தீவுக்காரியா? சீலை கட்டி நிற்கிற மனுஷி மதராசிக் குடும்பம் என்று படத்தின் பின்னால் எழுதியிருக்கிறாய், வெள்ளைக்காரன் கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றிப்போன அந்தச் சனத்தின் பிள்ளைகளுக்கு இன்னும் தமிழ் வாயில் வருகிறதா, அல்லது ஹிந்தி மட்டும்தானா? நீ எழுதிய சீனக் கடைக்காரர் இவர்களோடெல்லாம் எந்தப் பாஷையில் பேசுகிறார்? ஒரு கடலுக்குள் இத்தனை வகைச் சனம் எப்படி ஒன்றாக இருக்கிறார்கள் என்று பஸ்ஸில் போகும்போதும் யோசித்துக்கொண்டு போகிறேன், இறங்க வேண்டிய இடத்தையும் இரண்டு தரம் விட்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தவக்காலம் என்றபடியால் வீட்டில் இறைச்சி இல்லை, அப்பா வெள்ளிக்கிழமை காலமை மீன் கடைக்குப் போய் ஒரு பெரிய சீலா மீனின் தலையும் நாலைந்து துண்டும் வாங்கி வந்தார். ஐஸில் கல்லாக இறுகின மீன், எந்தக் கடலில் பிடித்தது என்று கேட்டதற்குக் கடைக்காரருக்கே தெரியவில்லையாம், பெட்டியில் வந்தது என்று மட்டும் சொன்னாராம். நான் புளி கூட்டிக் குழம்பு வைத்தேன். அன்று மத்தியானம் சித்தப்பா கிறிஸ்துராஜாவும் கிரிஜாச் சித்தியும் சட்டனில் இருந்து வந்திருந்தார்கள். கிரிஜா உனக்குத் தெரியும், சைவக்காரி, வெள்ளிக்கிழமையில் மரக்கறிதான். எனக்கு ஒருசந்தி நோன்பு, சொதியும் சோறும் போதுமென்று விட்டுவிட்டேன். சித்தப்பா இரண்டு துண்டு சாப்பிட்டார். அப்பா தலையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு முள் மிச்சமில்லாமல் உறிஞ்சிச் சாப்பிட்டார்.

பின்னேரம் அப்பாவுக்கு வயிற்றோட்டமும் சத்தியெடுப்பும் தொடங்கிற்று. நான் இஞ்சித் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. விடிந்தபோது உதடு மரத்துப்போச்சு, கால் உளைகிறது, பல்லெல்லாம் ஆடுகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னார். கண்ணாடியில் பார்த்தால் ஒரு பல்லும் ஆடவில்லை. எழும்பி நிற்க ஏலாமல் கட்டிலில் சரிந்தார், நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், செய்தி கேட்டுச் சித்தப்பாவும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் நாடி குறைவாக ஓடுகிறது என்றார்கள், பாரிசவாதமாக இருக்குமோ என்று தலையைப் படம் எடுத்தார்கள். உனக்கு ரெலிபோன் எடுக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் அந்த நிலையிலும் அப்பா என் கையைப் பிடித்து, "அவளுக்குச் சொல்லாதை" என்றார். காரணம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ பிஜிக்குப் போகிறாய் என்றபோது ஒரு தீவில் பட்டது காணாதா, அங்கேயும் பட்டாளம் ஆட்சியைப் பிடித்து எங்கள் நிறத்துச் சனம் வெளியேறுகிறது என்று பேப்பரில் போட்டிருக்கிறான், அதற்குள்ளா போய் விழப்போகிறாய் என்று கத்தினவர்தானே. விமான நிலையத்துக்கும் வரவில்லை. ஒன்றரை வருஷமாக நீ ரெலிபோனில் வந்தால் என்னிடம் தந்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறார். ஆனால் கதவைச் சாத்துவதில்லை, அதையும் உனக்குச் சொல்ல வேண்டும்.

வார்ட்டில் ஒரு நேர்ஸ் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு மிடறு வாயில் வைத்த அப்பா கிளாஸைத் தட்டிவிட்டு, சுடுகிறது என்று தமிழில் சொன்னார். சித்தப்பாதான் இங்கிலீசில் சொன்னார், அந்தப் பிள்ளை கிளாஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறதென்று நினைத்து மற்ற நேர்ஸைக் கூட்டி வரப் போனாள். எனக்கும் அப்படித்தான் பயம் வந்தது, செபமாலையை உருட்டிக்கொண்டு இருந்தேன். அந்த நேரம் சித்தப்பா சட்டையில் பட்ட தண்ணீரைத் துடைத்துவிட்டுக் கை கழுவப் போனார். போனவர் விசுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, "அண்ணி, இந்தக் குழாயிலை சுடுதண்ணியோ வருது?" என்று கேட்டார். நான் போய்க் கையை வைத்தேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது. விசாரித்தால் அவருக்கும் இரவு வயிறு சரியில்லையாம், அண்ணரை விட்டுவிட்டுத் தன் வருத்தத்தைச் சொல்ல வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

மகள், அந்த இடத்தில் எனக்கு உன் குரல்தான் கேட்டது. கிறிஸ்மஸுக்கு ரெலிபோனில் நீ சொன்னாயே, பவளப்பாறையில் ஒட்டியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத பாசியைச் சின்ன மீன் தின்ன, அதைப் பெரிய மீன் தின்ன, நஞ்சு பெரிய மீனில் சேர்ந்துகொண்டே போகும், சமைத்தாலும் போகாது, அதைத் தின்ற சனம் குளிர் தண்ணீரை நெருப்பு என்று சொல்லிக்கொண்டு உன்னிடம் வருகிறார்கள் என்று. நான்கூட நம்பாமல் மூன்று தரம் கேட்டேன். மீன் தின்ற இரண்டு பேருக்கும் வருத்தம், தின்னாத எனக்கும் கிரிஜாவுக்கும் ஒன்றுமில்லை. நான் டொக்டரைத் தேடிக்கொண்டு ஓடினேன். இளம் பெண், நல்ல பொறுமைசாலி. எனக்குத் தெரிந்த இங்கிலீசில் மீன், பிஜி, என்ரை மகள் டொக்டர் என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவ கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, சித்தப்பாவை மொழிபெயர்க்கச் சொல்லி முழுவதையும் கேட்டா. பிறகு வெப்பநாட்டு நோய்களைப் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு ரெலிபோன் எடுத்துவிட்டு வந்து முதலில் கேட்ட கேள்வி, இவருக்குப் பல் ஆடுகிற மாதிரி இருக்கிறதா என்பதுதான். நான் அழுதுவிட்டேன்.

அது வாதம் இல்லை, மீன் நஞ்சுதான் என்று முடிவாகிச் சேலைன் ஏற்றி, நாடியைப் பார்த்துக்கொண்டு ஒரு கிழமை வைத்திருந்தார்கள். சித்தப்பாவுக்கு வீட்டிலேயே மாறிவிட்டது. அப்பாவுக்குக் கை இன்னும் விறைக்கிறது, இரவில் உடம்பு கடிக்கிறது, ஆறு மாதத்துக்கு மீனும் குடியும் கச்சான் கடலையும் தொடக்கூடாதென்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் தேத்தண்ணீரை ஆறவிடாமல் குடித்துக்கொண்டு, அவள் அங்கே இந்த வருத்தக்காரரைத்தானா பார்க்கிறாள் என்று கேட்டார். ஓம் என்றேன். சின்னப் பிள்ளைகளுக்கும் வருமா என்றார். வரும் என்று நீ சொன்னதைச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு நடந்ததை ஒண்டும் விடாமல் எழுது. அந்தச் சனத்துக்கு உதவுமெண்டால் உதவட்டும்" என்றார். அதனால்தான் வெட்கப்படாமல் வயிற்றோட்டம் வரைக்கும் எழுதியிருக்கிறேன். இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று கேட்டு எழுது, கேட்டுச் சொல்கிறேன்.

அங்கேயே இன்னும் இரண்டு வருஷம் நிற்கலாமா என்று கேட்டிருந்தாய். வா என்று எழுதத்தான் நினைத்திருந்தேன், இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை எடுத்தால் ஒரு சம்பந்தமும் பார்க்கலாம் என்று. இப்போது அப்படி எழுத மனம் வரவில்லை. நில், ஆனால் தனியாக வள்ளத்தில் போகாதே, தொப்பி போடாமல் வெயிலில் திரியாதே, யார் அன்பாகத் தந்தாலும் பெரிய மீனின் தலையைத் தொடாதே. ஈஸ்டர் பூசையைத் தவறவிடாதே, அங்கே எந்தப் பாஷையில் பாடுகிறார்கள் என்று எனக்கு எழுது. ஆண்டவர் உன்னையும் உன்னை நம்பி வருகிற சனத்தையும் கைவிடாமல் பார்ப்பாராக.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி இருக்கும் அம்மா,
செ. திரேசம்மா

மகள், அப்பா எழுதுறன். கை விறைப்பு, எழுத்துக் கோணலாய் இருக்கும். அங்கை அந்த நாட்டுச் சனமும் எங்கடை ஆக்களும் ஒரே பவளப் பாரிலையோ மீன் பிடிக்கினம்? ஆர் ஆரைப் போக விடுகினம்? சண்டை சச்சரவு இல்லையோ? உன்னோடை எல்லாரும் நல்லமாதிரியோ? பதிலை என்ரை பேருக்கு எழுது.

செபமாலைமுத்து