போர்டைச் சுற்றி மட்டும் புது வெள்ளை

அனுப்புநர்:
மாடி வீட்டுத் தையல்காரி,
முதல் மாடி, கடைசி வீடு,
ரொட்டிக் கடைக்கு எதிர்ச் சந்து.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின்சாரப் பிரிவு அலுவலகம்.
(தாங்களே பிரித்துப் படிக்க வேண்டுகிறேன்)

பொருள்: வீட்டின் பழைய மெயின் போர்டு சூடேறுவது – சுற்றியுள்ள சுவருக்கு மட்டும் வீட்டுக்காரர் வெள்ளையடிப்பது – சொல்லாமல் வந்து ஆய்வு செய்து போர்டை மாற்ற உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற வாரம் நான் நேரில் கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய பொறியாளர் ஐயா அவர்களுக்கு,

1. மேற்கண்ட வீட்டில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருக்கிறோம். கீழ்வீட்டில் வீட்டுக்காரர் குடியிருக்கிறார். லாரி ஓட்டிய அவருக்கு, விபத்துக்குப் பிறகு கால்கள் இரண்டும் வராது. மாடிக்கு ஒரே படிக்கட்டு. மெயின் போர்டு அந்தப் படியின் அடியில், வாசலை ஒட்டி இருக்கிறது. அங்கே தீப்பிடித்தால் நான் மொட்டை மாடி வழியாகப் பக்கத்து வீட்டுக்குத் தாண்டிவிடலாம். அவரால் முடியாது. அவரை விட்டுவிட்டு நானும் தாண்டப்போவதில்லை.

2. அது மரப்பலகையில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் மாட்டிய போர்டு. நாலு பல்பும் இரண்டு ஃபேனும் ஓடிய காலத்தில் வைத்தது. இன்று கீழ்வீட்டின் ஏசி, தண்ணீர் மோட்டார், ஹீட்டர், மாடியில் என் தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி எல்லாம் அதன் தலையில்தான். முன்பெல்லாம் அடிக்கடி ஃபியூஸ் போகும். நானும் வீட்டுக்காரரைத் திட்டியிருக்கிறேன். ஒருநாள் அவர் கட்டைக்குள் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிவிட்டு, "இனிமே ஜென்மத்துக்கும் ஃபியூஸ் போகாதுக்கா" என்றார். போகவேயில்லை. உருக வேண்டிய கம்பி உருகாவிட்டால் சூடு எங்கே போகும் என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அன்றிலிருந்து பயமாக இருக்கிறது.

3. ஹீட்டர் போட்டால் என் மெஷின் விளக்கு மங்குகிறது. யார் வீட்டிலும் மீன் சமைக்காத நாளில் படியில், ஒயர் உறை சூட்டில் கருகும் மீன் வாடை அடிக்கிறது. போர்டின் பின்னால் குடியிருந்த பல்லிகூட எதிர்ச் சுவருக்கு மாறிவிட்டது. வீட்டுக்காரரோ, "எல்லாம் உங்க இஸ்திரிப் பெட்டி பண்ற வேலை" என்கிறார். அதற்காக ஒரு நாள் முழுக்க மெஷினையும் பெட்டியையும் தொடாமல், துணி கொடுத்தவர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று மாலையும் பலகை சுட்டது. பிறகு வீட்டுக்காரரே ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்துவந்தார். அவர் ஒரு கட்டையைக்கூடக் கழற்றாமல் நன்றாக இருக்கிறது என்றார். அவர் வீட்டுக்காரரின் மைத்துனர் என்பது பின்னால்தான் தெரிந்தது.

4. நாங்கள் குடிவந்தபின் இந்த வீட்டுக்கு வெள்ளையடித்ததே இல்லை. கேட்டால், "பார்க்கலாம்" என்பார். அப்படிப்பட்டவர் போர்டைச் சுற்றி ஒரு முழம் சுவருக்கு மட்டும் திரும்பத் திரும்ப அடிக்கிறார். சில நாளில் வெள்ளைக்கு அடியிலிருந்து, சூட்டில் தீய்ந்த பழுப்பு எட்டிப் பார்க்கும். உடனே டப்பாவும் பிரஷுமாக வந்துவிடுவார். சுத்தம்தான் காரணம் என்றால் என் சமையலறைச் சுவர் என்ன பாவம் செய்தது?

5. பழுப்பு நன்றாகத் தெரிந்த நாளாகப் பார்த்துத்தான் சென்ற வாரம் மனு கொடுத்தேன். நான் பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் சுவர் பளிச்சென்று இருந்தது. "என்னக்கா, ஆபீஸ் வரைக்கும் அலைஞ்சீங்களாமே" என்று வீட்டுக்காரர் சிரித்தார். எங்கே போகிறேன் என்று நான் என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் வந்த தங்கள் ஊழியர் சுவரைப் பார்த்தார், குறையில்லை என்றார், கீழ்வீட்டில் டீ குடித்துவிட்டுப் போனார். தங்கள் அலுவலகத்தில் யார்மீதும் நான் குற்றம் சொல்லவில்லை. செய்தி தானாகவே நடந்து வந்திருக்கலாம்.

6. ஆகவே ஐயா அவர்கள் தாமே நேரில் வந்து, பழைய போர்டை அகற்றி, இன்றைய சுமையைத் தாங்கும் டிரிப்பர் போர்டும் புது ஒயரும் போட உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்காரர் எங்களைக் காலி செய்யச் சொல்வார். அதையும் யோசித்துவிட்டேன். என் கணவரை நாலு பேர் பிடித்துத்தான் இறக்க வேண்டும். உயிரோடு இறக்கினால் போதும்.

7. இதை எழுதும்போது சுவர் காய்ந்து, பழுப்பு லேசாகத் தெரிகிறது. வந்ததும் முதலில் அந்தச் சுவரை விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் வெள்ளை ஒட்டினால், இந்த மனுவும் தங்களுக்கு முன்னால் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதும் திரும்பிப் போய்விடாமல், கட்டையைக் கழற்றிப் பாருங்கள்.

இடம்: மாடிப்படியின் மேல்முனை
நாள்: திங்கட்கிழமை

தங்களை நம்பத் துணிந்து எழுதும்,
(கையொப்பம்)
மாடி வீட்டுத் தையல்காரி

நகல்: எவருக்கும் இல்லை.