ஏழாம் நம்பர் விமானத்தின் மீதிக் கதை

பிப்ரவரி 9

அன்புள்ள கேப்டன் அண்ணனுக்கு,

யாருடைய கடிதம் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். நான்தான். விமான ஹேங்கரில் ஏணி மேல் நின்றுகொண்டே டீ குடிக்கிறாள் என்று நீங்கள் கிண்டல் செய்த மெக்கானிக். உங்கள் முகவரி ஓய்வுபெற்றோர் சங்கத்தின் செய்திமடலில் கிடைத்தது. போன் நம்பரும் இருந்தது. இருபத்தொரு வருஷம் கழித்துப் போனில் எடுத்த எடுப்பில் என்ன பேசுவது? எழுதினால் வேண்டாததை அடித்துவிடலாம்.

நான் நலம். வீட்டுக்காரரும் நலம். செயற்கைப் பல் செய்யும் தன் லேபைப் போன வருஷம் மூடிவிட்டார். ஆனால் சாமான்களை மூட்டை கட்ட நான் விடவில்லை. நம் கம்பெனி ஓட்டிய ஏழு விமானங்களையும் பொம்மை அளவில் செய்து ஹால் அலமாரியில் வரிசையாக நிறுத்தியிருக்கிறேன். நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. கையில் எடுத்தால் ஒன்றரைச் சாண் இருக்கும். கடையில் பிளாஸ்டிக் பாகங்கள் பெட்டியாக வருகின்றன, ஆனால் அது பொதுவான விமானம். நம்முடையதாக வேண்டுமென்றால் நாமேதான் மெனக்கெட வேண்டும். மூன்றாம் நம்பரின் பின்கதவில் நான் வைத்த ஒட்டுத்தகட்டைக்கூட விடவில்லை. வீட்டுக்காரர் பல் ராவும் குட்டி மெஷினில் புரொப்பெல்லர் இதழ்களைச் சீவித் தருகிறார். "இது நல்ல பல்லு. யாரும் உறுத்துதுன்னு திரும்பி வர மாட்டாங்க" என்கிறார்.

ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு அட்டை. எப்போது வந்தது, எங்கெல்லாம் பறந்தது, கடைசியில் என்ன ஆனது. ஒன்றாம் நம்பர் தீயணைப்புப் பயிற்சிக்குப் போய்விட்டது, வாரம் ஒருமுறை கொளுத்தி அணைக்கிறார்களாம். இரண்டாம் நம்பர் ஒரு பூங்காவில் நிற்கிறது. இறக்கையில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். நானே போய்ப் பார்த்தேன். டயரில் காற்று இல்லாததைப் பார்த்துக் கை பரபரத்தது.

ஏழாம் நம்பரின் அட்டை மட்டும் பாதியில் நிற்கிறது. விற்ற பிறகு அதன் கதை யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் சேர்ந்த சரக்குக் கம்பெனிக்குத்தான் அதுவும் வந்தது என்று ஒருவர் சொன்னார். மற்ற யாரிடமாவது கேட்கலாம் என்றால், அந்தக் கம்பெனியில் எனக்குத் தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார்கள்? விருப்பமில்லையென்றால் பதில் போட வேண்டாம். நான் வருத்தப்பட மாட்டேன்.

அன்புடன்,
பழைய தங்கை

மார்ச் 1

தங்கச்சிக்கு,

உன் கையெழுத்தை உறையைப் பிரிக்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டேன். விமானத்தின் பழுதுகளை எழுதும் லாக் புக்கில் எத்தனை வருஷம் பார்த்த எழுத்து.

மகள் வீட்டில் இருக்கிறேன். அவள் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். என் அறை ஜன்னல் பஸ் டிப்போவைப் பார்த்தது. எந்த பஸ் எத்தனை நிமிஷம் தாமதம் என்று சாப்பாட்டு மேஜையில் அறிக்கை வாசிக்கிறேன். "அப்பா, அவங்களே கவலைப்படலை" என்கிறாள். முதுகு மட்டும் தகராறு செய்கிறது. மற்றபடி குறையில்லை.

உன் அட்டைகளுக்குச் சில சேதிகள். மூன்றாம் நம்பரில் ஒருமுறை பாதி சீட்டைக் கழற்றிவிட்டுக் கோழிக்குஞ்சுப் பெட்டிகளை ஏற்றினார்கள். இன்ஜின் சத்தத்தையும் மீறிக் காக்பிட் வரை கீச்கீச்சென்று கேட்டது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் ரேடியோவில் கோளாறு என்று நினைத்துவிட்டார். நான்காம் நம்பரின் வலது இன்ஜின் குளிர் நாளில் உன்னிடம் ஒரு தட்டு வாங்காமல் கிளம்பாது. இதை நீ எழுத மாட்டாய், நான் சொன்னதாகப் போடு. ஆறாம் நம்பரில் ஒரு குழந்தை பிறந்தது உனக்குத் தெரியும். அந்தக் குழந்தை இப்போது மூக்குக்கண்ணாடி மாற்ற என் மகள் கடைக்கு வந்தது. முப்பத்தொரு வயசு. விமானத்தில் பிறந்ததைப் பேச்சுவாக்கில் சொன்னதாம். மகள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். இரண்டு பேரும் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு நின்றோம்.

ஏழாம் நம்பர் சரக்கு விமானமாக ஆறு வருஷம் ஓடியது. அப்புறம் உடைத்துவிட்டார்கள். அட்டைக்கு இவ்வளவு போதும்.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்.

கேப்டன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

குழந்தை சேதியை வீட்டுக்காரருக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். அட்டையில் ஏறிவிட்டது. கோழிக்குஞ்சும் ஏறிவிட்டது. இன்ஜினைத் தட்டியது ஏறாது.

ஏழாம் நம்பருக்கு நீங்கள் எழுதிய இரண்டு வரி போதாது அண்ணே. ஆனால் ஏன் இரண்டே வரி என்பதும் எனக்குப் புரிகிறது. ஆகவே நானே ஆரம்பித்துவிடுகிறேன்.

அன்றைக்குக் குறுக்குக் காற்று. நீங்கள் இறங்கியதை ஹேங்கர் வாசலில் நின்று பார்த்தேன். இடது சக்கரக்கால் முதலில் தட்டி, துள்ளி, மறுபடி விழுந்தது. விமானம் வந்து நின்றதும் அடியில் குனிந்து பார்த்தேன். காலில் எண்ணெய் கசிந்திருந்தது. உங்களிடம் வந்து கேட்டேன். "கொஞ்சம் பலமா இறங்கிடுச்சா அண்ணே? எழுதிடலாமா?" எல்லோரும் நிற்க நீங்கள் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "என் லேண்டிங்குக்கு மார்க் போட உன்னை யாரும் கூப்பிடலை. உன் வேலையைப் பாரு." என் வேலையைத்தான் பார்த்தேன். லாக் புக்கில் எழுதிவிட்டேன்.

ஒன்பது நாள் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை என்று அறிக்கை வந்தது. ஆனாலும் பலமாக இறங்கியதைச் சொல்லாமல் விட்டதற்காக உங்களை ஆறு மாசம் பறக்க விடவில்லை. உங்களுக்கு வரவேண்டிய தலைமை விமானி பதவி போனது. நீங்களும் போய்விட்டீர்கள். ஃபோர்மேன் எனக்குச் 'சந்தேகம்' என்று பேர் வைத்தார். "சந்தேகம் வந்தாச்சா? சந்தேகம் சாப்பிட்டாச்சா?" ஓய்வுபெறும் நாள் வரை அதே பேர்தான். இரண்டு தடவை, விமானங்களைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர் வேலை என்னைத் தாண்டிப் போனது.

அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். இல்லாத கோளாறை இருக்கிறதென்று எழுதி ஒரு நல்ல விமானியின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனே என்பது. உண்மையைச் சொன்னால் அட்டை ஒரு சாக்கு. மன்னிப்புக் கேட்கத்தான் முதல் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். தைரியம் வரவில்லை. இப்போது கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

தங்கை

மார்ச் 29

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நான் பஸ் அறிக்கை வாசிக்காததைப் பார்த்து மகள் உடம்புக்கு என்னவென்று கேட்டுவிட்டாள்.

நீ கேட்ட மன்னிப்பை நான் வாங்கிக்கொள்ள முடியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

சரக்குக் கம்பெனியில் நான் சேர்ந்த மறுமாசமே ஏழாம் நம்பரை அவர்கள் வாங்கினார்கள். சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டுப் பெரிய கதவு வைத்தார்கள். யார் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டபோது நானே கை தூக்கினேன். வீம்புதான். பதினோரு மாசம் ஓட்டினேன். பிறகு அதைப் பெரிய சோதனைக்கு அனுப்பினார்கள். இறக்கையும் சக்கரக்காலும் சேருகிற இடத்தில் ஒரு கனத்த உலோகப் பிடி இருக்குமே, உனக்கு நான் சொல்ல வேண்டாம். நம் ஆட்கள் ஒன்பது நாளில் காலைத்தான் கழற்றிப் பார்த்தார்கள், பிடியைக் கழற்றவில்லை. இவர்கள் கழற்றினார்கள். உட்பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். விரிசலின் ஓரம் கறுத்துப் போயிருந்தது. புதுசு இல்லை என்று எனக்கே தெரிந்தது. அங்கிருந்த இன்ஜினியர் சாதாரணமாகத்தான் கேட்டார். "எப்பவோ ஒருநாள் இடதுபக்கமா பலமா இறங்கியிருக்கு. உங்க பழைய கம்பெனியில யாரும் கவனிக்கலையா சார்?"

ஒருத்தி கவனித்தாள் என்று நான் சொல்லவில்லை. "தெரியலையே" என்றேன்.

இன்னும் நாலைந்து முறை அப்படி இறங்கியிருந்தால் கால் மடங்கியிருக்கும் என்றார். நான் வெளியே வந்து சரக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். முதல் வருஷம் கோபம் விடவில்லை. அவள் சொன்னது சரியென்றால் நான் யார் என்ற கோபம். கோபம் தீர்ந்தபோது வெட்கம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வேலை உனக்குக் கிடைக்கவில்லை என்பதும் என் காதுக்கு வந்தது. ஒரு கடிதம் எழுதியிருந்தால் கிடைத்திருக்கும். அது தெரிந்தும் எழுதவில்லை. அதற்குப் பிறகு வெட்கம் இன்னும் கூடிவிட்டது. இருபது வருஷம் இப்படித்தான் போனது.

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். கேட்கிறேன். கொடுக்கச் சொல்லி வற்புறுத்தவில்லை.

அண்ணன்

மே 6

அண்ணனுக்கு,

பதில் எழுத ஐந்து வாரம் ஆனதற்கு உடம்பு காரணமில்லை. உங்கள் மேல் அவ்வளவு கோபம். கடிதத்தைப் படித்ததும் ஏழாம் நம்பரை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு சமையலறையில் போய் உட்கார்ந்தேன். அழுதேன். வீட்டுக்காரர் கடிதத்தை வாங்கிப் படித்தார். மடித்து என்னிடம் தந்து, "அப்போ உன் கண்ணு சரியாத்தான் இருந்திருக்கு" என்றார். அதற்கு இன்னொரு தரம் அழுதேன்.

உங்களுக்குத் தெரியாது அண்ணே. அந்த நாளுக்குப் பிறகு என் கண்ணை நானே நம்பவில்லை. ஒரு நட்டை முடுக்கிவிட்டு ஏணியிலிருந்து இறங்குவேன், மறுபடி ஏறுவேன், மறுபடி இறங்குவேன். கூட வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். வீட்டில் கேஸை மூன்று தடவை பார்த்தால்தான் படுக்கை. நான் கையெழுத்துப் போட்ட எந்த விமானமும் அடிபட்டு வரவில்லை என்பது நிஜம். அதற்கு உங்களுக்கு நன்றி சொல்லப்போவதில்லை. நான் முதலிலிருந்தே அப்படித்தான் வேலை செய்தேன். நிம்மதியாகச் செய்திருக்கலாம், அவ்வளவுதான்.

ஐந்து வாரம் யோசித்ததில் ஒன்று தோன்றியது. இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதாது. கேலி எல்லோர் முன்னாலும் நடந்தது. ஜூனில் சங்கக் கூட்டம் வருகிறது. நான் வரமாட்டேன், வந்து நின்றால் அவர்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேசிவிடுவீர்கள். நான் இல்லாத இடத்தில் நீங்கள் எழுந்து சொல்ல வேண்டும். எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில். முடியுமானால் மட்டும் எழுதுங்கள்.

தங்கை

ஜூன் 17

அன்புத் தங்கச்சிக்கு,

சொல்லிவிட்டேன்.

கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். கணக்கு, நன்றி எல்லாம் முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்த நேரம். இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமில்லை என்று மைக்கைப் பிடித்தேன். முப்பது வருஷம் பயணிகளுக்கு வானிலை சொன்னவன், இதை மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தேன், கண்ணாடியை மறந்துவிட்டேன். கண்ணாடிக் கடைக்காரியின் அப்பா! அதனால் பார்த்துப் படிக்காமல் சொன்னேன். நான் பலமாக இறங்கியது, மறைத்தது, அவள் எழுதியது, விரிசல், "தெரியலையே" என்று நான் சொன்னது. எதையும் விடவில்லை.

யாரும் கை தட்டவில்லை. நல்லவேளை. முன்வரிசையில் ஃபோர்மேன் இருந்தார். இப்போது எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். பக்கத்திலிருந்தவரிடம் என்ன சொன்னான் என்று கேட்டார். அவர் காதோடு திரும்ப எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஐந்து நிமிஷம் நான் மைக்கோடு அப்படியே நின்றேன். பிறகு ஃபோர்மேன் நிமிர்ந்து, "அவ அட்ரஸைக் குடு" என்றார். கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பென்றால் திட்டு.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினேன். பகலில் தூங்கி வருஷக்கணக்காகிறது.

அண்ணன்

ஜூலை 3

அன்புள்ள அண்ணனுக்கு,

திட்டவில்லை. ஃபோர்மேன் வந்தார்.

கடிதம் வரும் என்று பார்த்தால் ஆளே ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியோடு வாசலில் நிற்கிறார். மூச்சு வாங்கியது, நான்கு மாடி. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நேரே அலமாரிக்குப் போய் ஏழு விமானத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அட்டையெல்லாம் படித்தார். ஐந்தாம் நம்பர் வந்த வருஷத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறேன் என்று சண்டைக்கு வந்தார். அவர் சொன்னதுதான் சரி. அப்புறம் அரை மணி நேரம் அந்த விமானத்தைப் பற்றியே பேசினார். அவருடைய மனைவியும் என் வீட்டுக்காரரும் பல் வலியைப் பற்றிப் பேசினார்கள்.

மன்னிப்பு, கின்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு வராது. என்னை ஒருமுறைகூடப் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, அம்மா அம்மா என்றார். கிளம்பும்போது படியில் நின்று வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார். "இந்தம்மா கையெழுத்துப் போட்ட வண்டியில நான் என் பேரப்பிள்ளைங்களையே ஏத்தி அனுப்புவேன். இதை அப்பவே சொல்லியிருக்கணும்." காது கேட்காதவரிடம் இது ஒரு வசதி. நான்கு மாடிக்கும் கேட்டது. கீழ்வீட்டுக்காரி என்ன விசேஷம் என்று கேட்டாள்.

இன்றைக்குக் கை வேலையை ஓரங்கட்டிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மனசு லேசாக இருக்கிறது. உங்கள் மேல் கோபம் முழுசாகத் தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதைக் காகிதத்தில் தீர்க்க முடியாது, நேரில் நாலு வார்த்தை திட்டினால்தான் தீரும். காலை ஒன்பது மணி பஸ்ஸில் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடலாம். மாடி ஏறும்போது முதுகுக்குச் சிரமமாக இருந்தால் கீழே நின்று குரல் கொடுங்கள், வீட்டுக்காரர் வந்து பிடித்துக்கொள்வார். ஒரு நாளில் திட்டி முடியாது. இரண்டு நாளுக்குத் துணி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

சனிக்கிழமை எதிர்பார்க்கும்,
தங்கை